மட்டாஞ்சேரி மிளகும் கலைச்சொல் பட்டியலும்: கணித, அறிவியல், நிதியியல் மாணவர்க்கான ஆங்கிலச் சொற்கள் குறித்த ஒரு மதிப்பீடு

கொச்சி மட்டாஞ்சேரிச் சந்தையின் மிளகு விலை நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் இரண்டு தலைப்புகளில் வெளிவருவது வழக்கம். 'கார்பிள்டு' மிளகிற்கு ஒரு விலை. 'அன்கார்பிள்டு' மிளகிற்கு மற்றொரு விலை. முன்னதன் விலை பின்னதைவிடக் கூடுதலாக இருக்கும். பள்ளி ஆங்கிலத்தை மட்டும் கற்ற வணிகவியல் மாணவர் ஒருவர் இவ்விரு சொற்களையும் எதிர்கொள்ளும்போது திகைப்பே மிஞ்சும். பொதுவழக்கில் 'கார்பிள்டு' என்பது குழம்பியது, சிதைந்தது, திரிக்கப்பட்டது எனப் பொருள்படும். அவ்வாறாயின் குழம்பிய மிளகு எவ்வாறு தெளிந்த மிளகைவிட விலை உயர்ந்ததாகும்?

சந்தையின் பொருள் இதற்கு நேர்மாறானது. காம்பு, தூசு, கல், உள்ளீடற்ற மணி ஆகியவற்றைச் சலித்து நீக்கித் தூய்மை செய்யப்பட்ட மிளகே அங்கு 'கார்பிள்டு' எனப்படும். சலித்தல் என்னும் பொருளுடைய அரபு வினைச்சொல் ஒன்று இத்தாலிய வணிகர் வழியாக ஆங்கிலத்திற்குச் சென்றது. இலண்டன் மாநகரில் நறுமணப் பொருள்களைச் சோதித்துக் கழிவை அகற்றுவதற்கென 'கார்பிளர்' என்னும் அலுவலரே இருந்தார். வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதை விடுதல் என்னும் கருத்து, செய்தியைத் தனக்கேற்பப் பொறுக்கித் திரித்தல் என விரிந்து, பொதுவழக்கில் சொல்லின் பொருளையே புரட்டிவிட்டது. சந்தையோ பழைய பொருளை 'மலபார் கார்பிள்டு' என்னும் தரப்பெயரில் இன்றுவரை காத்து வருகிறது.

இந்த ஒரு சொல் எழுப்பும் சிக்கலே இக்கட்டுரையின் பொருளாகும். கணிதமும் அறிவியலும் நிதியியலும் பயிலும் தமிழ் மாணவர்க்கு ஆங்கிலச் சொற்களை அறிமுகம் செய்ய நூறாண்டுக்கு மேலாக நாம் கையாண்டு வரும் கருவி, இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல்லும் அமைந்த கலைச்சொல் பட்டியல் ஆகும். மாணவரைத் தடுமாறச் செய்யும் சொற்களை இப்பட்டியல் வடிவம் பெரும்பாலும் தொடுவதே இல்லை என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

பட்டியலின் வரலாறு

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860களில் மருத்துவக் கல்வியைத் தமிழுக்கு மாற்றியதும், 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூலை வெளியிட்டதும், மருத்துவச் சொற்களைத் தொகுத்ததும் ஆய்வாளர் பலரால் எழுதப்பட்டவை. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் நிறுவிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கமும், 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொற்கள் தொகுதியும், பின்னர் இலங்கை அரசும் தமிழ்நாட்டரசும் வெளியிட்ட துறைவாரித் தொகுதிகளும் அவ்வழியில் வந்தவை. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களின் பின்னிணைப்பிலும் கலைச்சொற்கள் என்னும் தலைப்பில் இதே இருபத்தி வடிவம்தான் காணப்படுகிறது.

இம்முயற்சிகளின் பெருமையைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இடமில்லை. ஆயினும் அவற்றின் நோக்கம் தமிழில் அறிவியலை எழுதுவது; ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவியலைத் தமிழ் மாணவர் படித்துணர்வது வேறொரு நோக்கம். முதலாவதற்குச் சொல்லாக்கம் போதும். இரண்டாவதற்குச் சொல்லின் நடத்தை தெரிய வேண்டும். ஒரு நோக்கத்திற்காக உருவான கருவியை மற்றொன்றுக்கும் பயன்படுத்தியதே பிழை. மேனிலைப் பள்ளிவரை தமிழ்வழியில் பயின்று கல்லூரியில் ஆங்கிலவழிக்கு மாறும் மாணவருக்கு இப்பிழையின் விலை முதலாண்டிலேயே தெரிந்துவிடுகிறது.

பட்டியல்களுக்குள்ளும் ஒருமை இல்லை என்பது பலரும் அறிந்த குறை. கணக்கோட்பாட்டில் தமிழ்நாட்டு மாணவர் 'கணம்' என்று பயிலுவதை இலங்கை மாணவர் 'தொடை' என்று பயிலுகிறார். புள்ளியியலில் தமிழ்நாட்டின் 'முகடு' இலங்கையில் 'ஆகாரம்' ஆகிறது. இதனைப் பெருங்குறையாகக் காட்டிப் பல கருத்தரங்கக் கட்டுரைகள் எழுதப்பட்டுள்ளன. எந்தச் சொல்லைப் பயின்றாலும் கருத்தைப் புரிந்துகொண்ட மாணவர் மற்றதை ஒரே நாளில் பழகிக்கொள்வார். இதில் செலவிடப்பட்ட மை சற்று மிகுதிதான்.

ஏற்கெனவே தெரிந்த சொற்கள்

பட்டியல் தொகுப்போர் கடினமான சொற்களைத் தேடிச் செல்கின்றனர். 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்றால் ஒளிச்சேர்க்கை. 'ஹைப்பாட்டனூஸ்' என்றால் கர்ணம். இத்தகைய சொற்கள் மாணவரை அச்சுறுத்தலாம், ஏமாற்றுவதில்லை. அவற்றிற்கு ஒரே பொருள்தான் உண்டு. பார்த்தவுடனேயே புதிய சொல் என்று தெரிந்துவிடும். ஏமாற்றுபவை எளிய சொற்களே.

அவற்றுள்ளும் மிகுதியாக ஏமாற்றுபவை தமிழ்ப் பேச்சில் ஏற்கெனவே குடியேறிவிட்ட ஆங்கிலச் சொற்கள். 'ஃபங்ஷன்' என்றால் தமிழ் வீடுகளில் திருமணமோ காதணி விழாவோ ஆகும். கணித வகுப்பில் அது சார்பு. 'பவர்' என்பது மின்சாரம் அல்லது மூக்குக்கண்ணாடியின் திறன். கணிதத்தில் அது அடுக்கு. 'ரூட்' என்பது பேருந்து செல்லும் வழி. அங்கு அது எழுத்தாலேயே வேறான சொல், மூலம் எனப் பொருள்படுவது. 'ரேட்' என்பது கடைத்தெருவில் விலை. அறிவியலிலும் நிதியியலிலும் அது வீதம். வேதிவினையின் 'ரேட்' என்ன என்ற வினாவிற்கு விலையை நினைக்கும் மாணவர் எவரும் இலர் என்று வாதிடலாம். ஆனால் நாணய மாற்றின் 'ரேட்', வட்டியின் 'ரேட்', பங்கின் 'ரேட்' என்று வரும்போது விலையும் வீதமும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. 'பேலன்ஸ்' என்பது நடத்துநர் தர வேண்டிய மீதிச் சில்லறை. கணக்குப் பதிவியலில் அது இருப்பு, வேதியியலில் சமன்பாட்டைச் சமன் செய்தல், ஆய்வகத்தில் தராசு.

தமிழ் மாணவருக்கு ஆங்கிலச் சொல் தெரியவில்லை என்னும் பொதுக்கூற்றை இவ்வெடுத்துக்காட்டுகள் ஐயுறச் செய்கின்றன. அவருக்குச் சொல் தெரியும். தெரிந்த பொருள் துறைக்குள் செல்லுபடியாவதில்லை. தமிழில் வழங்கும் ஆங்கிலக் கடன்சொற்களின் பொருள் எல்லையைத் துறைப் பொருளோடு ஒப்பிட்டுக் காட்டும் ஆய்வைத் தமிழ்த் துறைகளே மேற்கொள்ள இயலும். கடன்சொல் ஆய்வு என்ற பெயரில் எத்தனை விழுக்காடு என எண்ணிக் கணக்கிட்டுத் தூய்மை பற்றிக் கவலை கொள்வதோடு பெரும்பாலான பட்ட ஆய்வேடுகள் நின்றுவிடுகின்றன.

சந்தை என்னும் வகுப்பறை

மட்டாஞ்சேரியை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கொங்கணி, குசராத்தி, மலையாளம், தமிழ் எனப் பல மொழி பேசுவோர் தலைமுறைகளாக நெருங்கி வாழும் சிறிய நிலப்பரப்பு அது. அதனை அடுத்த ஃபோர்ட் கொச்சியின் சலவைத்துறையான டோபி கானாவில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாகப் பணிபுரிகின்றன. வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என மும்மொழிக்கிடையே வளரும் மாணவரை இங்குக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவனவற்றுள் ஏலக்காய் போடிநாயக்கனூரை நோக்கியும் மிளகு மட்டாஞ்சேரியை நோக்கியும் சென்றதால், எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ் வணிகருக்கும் இச்சந்தையின் சொற்கள் அயலானவையல்ல.

ஜூ டவுன் எனப்படும் யூதர் தெருவில் 1957இல் தோன்றிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம், மிளகுக்கான முன்பேர ஒப்பந்தங்களை நடத்திய அமைப்பாகும். 1997இல் அது பன்னாட்டு ஒப்பந்தத்தையும் தொடங்கியது. வணிகர் ஒரே கூடத்தில் நின்று விலையைக் கூவி ஒப்பந்தம் செய்த முறை இன்று இல்லை. பண்ட முன்பேர வணிகத்தைக் கண்காணித்த ஆணையமும் 2015இல் பங்குச் சந்தைகளை நெறிப்படுத்தும் செபி அமைப்போடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அக்கூடத்தில் புழங்கிய ஆங்கிலமே இன்று நிதியியல் பாடநூலின் ஆங்கிலம்.

அதில் ஒரு தொடர் 'ஓப்பன் இன்ட்ரஸ்ட்'. சொல்லுக்குச் சொல் பொருள் காணும் மாணவர் 'திறந்த வட்டி' என்றோ 'வெளிப்படையான ஆர்வம்' என்றோ கொள்வார். இரண்டும் பொருந்தா. தீர்க்கப்படாமல் நிலுவையிலுள்ள ஒப்பந்தங்களின் எண்ணிக்கையே அத்தொடரின் பொருள். 'இன்ட்ரஸ்ட்' என்பதற்கு ஆர்வம், வட்டி என்னும் இரு பொருள்களோடு ஒன்றன்மீதான உரிமை என்னும் மூன்றாவது பொருளும் உண்டு என்பதும், அம்மூன்றாவது பொருளே இங்கு அடிப்படை என்பதும் எந்தப் பட்டியலிலும் விளக்கப்படுவதில்லை. 'மார்ஜின்' என்பதும் இத்தகையதே. தாளின் ஓரம், அடக்கவிலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளி, முன்பேர ஒப்பந்தத்திற்காக முன்னதாகக் கட்டும் வைப்பு ஆகிய மூன்றையும் அது சுட்டும். வணிகவியல் மாணவர் இரண்டாவது பொருளைக் கற்றபின் மூன்றாவதை எதிர்கொள்ளும்போது, கட்ட வேண்டிய பணத்தைக் கிடைக்கும் இலாபமாகப் படித்துவிட வாய்ப்புண்டு.

'டெரிவேட்டிவ்' என்னும் சொல் இவற்றினும் சிக்கலானது. கணிதத்தில் அது வகைக்கெழு, வேதியியலில் ஒரு சேர்மத்திலிருந்து பெறப்படும் வழிப்பொருள், சொல்லியலில் ஆக்கச்சொல், நிதியியலில், மற்றொரு பொருளின் விலையிலிருந்து தன் மதிப்பைப் பெறும் ஒப்பந்தம். இந்தியப் பத்திரச் சட்டத்தில் இச்சொல்லுக்கான வரையறை 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி இடம்பெற்றது. ஒன்றிலிருந்து பெறப்பட்டது என்னும் கருத்து நான்கிடத்தும் பொதுவானது. ஆங்கிலம் அறிந்த மாணவருக்கு அப்பொதுமை சொல்லிலேயே கிடைக்கிறது. தமிழ்ப் பட்டியல்கள் நான்கிற்கும் நான்கு சொற்களை நான்கு தொகுதிகளில் தருகின்றன. துல்லியம் கருதி அவ்வாறு பிரித்தது சரியே. இலங்கை வழக்கிலுள்ள 'பெறுதி' அப்பொதுமையை ஓரளவு காக்கிறது. இவ்வொன்றில் இலங்கைத் தொகுப்பாளரின் தேர்வே சிறந்தது எனலாம்.

முன்பேர வணிகத்தைக் குறிக்க நம் நாளிதழ்கள் 'ஊக வணிகம்' என்னும் தொடரைப் பெரிதும் கையாளுகின்றன. இது பெயரன்று, தீர்ப்பு. மூன்று மாதம் கழித்து வரவிருக்கும் விளைச்சலுக்கு இன்றே விலையை உறுதி செய்துகொள்ளும் ஏற்றுமதியாளர் ஊகிப்பவர் அல்லர்; விலை மாறுதலால் நேரும் இழப்பிலிருந்து தம்மைக் காத்துக்கொள்பவர். விலை ஏறும் அல்லது இறங்கும் என்று கணித்து நுழைபவரே ஊகிப்பவர். ஆங்கிலப் பாடநூல் 'ஹெட்ஜர்' எனவும் 'ஸ்பெக்குலேட்டர்' எனவும் இவ்விருவரைப் பிரித்துக்கொண்டுதான் பாடத்தையே தொடங்குகிறது. இருவரும் கூடும் களத்திற்கே ஒருவரின் பெயரை இட்டுவிட்ட மொழியில் பயின்று வரும் மாணவர், அப்பாடத்தின் முதற்பக்கத்திலேயே இடறி விழுகிறார்.

மலையாளம் இதே வணிகத்தை 'அவதி வியாபாரம்' என்கிறது. குறித்த காலவரையை உடைய வணிகம் என்பது பொருள். தமிழ் மாணவரின் செவியில் 'அவதி' துன்பமாகவே விழும். எல்லை, தவணை என்னும் பொருள்கள் அச்சொல்லுக்குத் தமிழிலும் இருந்தன, வழக்கிழந்துவிட்டன. வட்டியைக் குறிக்கும் மலையாளப் 'பலிச'யும் அத்தகையதே. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு வைத்த முதலின்மேல் வரும் வட்டி 'பலிசை' என்றும் 'பொலிசை' என்றும் குறிக்கப்படுவதைக் கல்வெட்டியல் பயின்றோர் அறிவர். மட்டாஞ்சேரி வங்கியில் பலிச என்று கேட்கும் தமிழ் மாணவர் தம் மொழியின் பழஞ்சொல்லைத்தான் அயற்சொல்லாகக் கேட்கிறார்.

காசும் ஏலமும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆங்கிலச் சொற்களைத் தமிழோடு உறவுபடுத்திக் கற்பிப்பது மாணவருக்கு ஊக்கமளிக்கும் என்ற எண்ணத்தில், ஆங்கிலக் 'கேஷ்' தமிழ்க் 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்று மேடைகளிலும் சில நூல்களிலும் கூறப்படுகிறது. உண்மை இரண்டு சொற்களாகக் கிடக்கிறது. கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்து ஆங்கிலேயர் எழுதிய 'கேஷ்', போர்த்துகீசியர் வழியாகக் காசு என்பதிலிருந்து சென்றது. கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் இன்றைய 'கேஷ்', பணப்பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. கணக்குப் பதிவியல் மாணவருக்குப் பயன்படும் செய்தி இரண்டாவதுதான். 'கேஷ் புக்' என்பது பெட்டியில் உள்ளதன் ஏடு என்று தெரிந்தால் அதில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பது விளங்கிவிடும். பெருமித வேர்ச்சொல்லாய்வு அவ்விளக்கத்தைப் பறித்துவிடுகிறது.

'பெப்பர்' என்னும் சொல்லும் இவ்வாறே கவனத்திற்குரியது. அது பிப்பலி என்பதன் வழிவந்தது. பிப்பலி என்பதோ திப்பிலி. ஆகவே மட்டாஞ்சேரியின் தலையாய சரக்கு, ஆங்கிலத்தில் தன் உறவினச் செடியின் பெயரால் விற்கப்படுகிறது. தமிழ்ச் சங்க இலக்கியம் முசிறித் துறையில் யவனர் பெற்றுச் சென்ற மிளகைக் 'கறி' என்னும் சொல்லாலேயே குறிக்கிறது.

போர்த்துகீசியர் இக்கடற்கரைக்குத் தந்த சொற்களுள் விற்பனை முறையைக் குறிக்கும் 'ஏலம்' ஒன்று. செடியைக் குறிக்கும் ஏலம் வேறு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடைபெறுகிறது என்று எழுதும்போது தாவரவியலும் நிதியியலும் ஒரே ஒலிவடிவில் நின்றாலும் எந்தத் தமிழருக்கும் குழப்பம் நேர்வதில்லை. பயன்பாட்டோடு கற்ற சொல் குழப்புவதில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது.

படத்தோடு வந்த சொற்கள்

கலைச்சொல் தொகுப்பின் மாற்று வடிவம் ஒன்று கொச்சியிலேயே உருவானது. டச்சுக் கம்பெனியின் மலபார்த் தளபதியாக இருந்த ஹென்றிக் வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சிடப்பட்டது. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் இட்டி அச்சுதன், கொச்சியில் வாழ்ந்த கொங்கணி மருத்துவர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோர் 1675இல் அளித்த சான்றுரைகள் அதன் முதல் தொகுதியில் உள்ளன. மலையாளத்தில் சொல்லப்பட்டவை போர்த்துகீசியத்திற்கும் பின் இலத்தீனுக்கும் மாற்றப்பட்டன.

ஏறத்தாழ 740 தாவரங்களை உரைக்கும் இந்நூலில் ஒரு தாவரத்தின் பெயர், பட்டியல் வரியாக வருவதில்லை. முழுப்பக்கப் படத்தின் மூலையில் உரோமன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அடுத்துச் செடியின் உறுப்புகள், வளரும் இடம், மருத்துவப் பயன் ஆகியன இலத்தீனில் விரிகின்றன. மிளகுக்கொடியும் ஏலமும் அவ்வாறே இடம்பெற்றுள்ளன. ஏலத்தரி என்னும் மலையாளப் பெயர் இந்நூலின் வழியாகவே ஐரோப்பியத் தாவரவியலுக்குச் சென்று, 1811இல் 'எலெட்டாரியா' என்னும் பேரினப் பெயராயிற்று. கருத்து, உருவம், பயன், பல மொழிப் பெயர் ஆகிய நான்கும் ஓரிடத்தில் நின்றதனால் பெயர் வழிதவறாமல் சென்று சேர்ந்தது.

இந்நூலைக் குறையற்ற முன்மாதிரியாகக் கொண்டாடுதல் பொருந்தாது. அறிவைத் தந்தவர் கொச்சிக் கரையினர், படித்தவர் ஐரோப்பியர். இலத்தீன் நூல் இட்டி அச்சுதனின் மாணவருக்குப் பயன்பட்டிருக்க வழியில்லை. மலபார்க் கரையின் செல்வத்தை அளந்தறிய விரும்பிய ஒரு வணிகக் கம்பெனியின் ஆதரவில் அது உருவானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்துச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டபோதுதான் அந்நூல் இம்மண்ணின் மாணவர் கைக்கு எட்டியது. இக்குறைகள் நூலின் திசையைப் பற்றியவை. பதிவின் வடிவம் பற்றிய பாராட்டை அவை குறைப்பதில்லை.

கணிதத்திற்கும் இவ்வட்டாரத்தில் ஒப்பான நூல் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் இயற்றிய 'யுக்திபாஷா', வட்டம், ஜ்யா ஆகியவற்றிற்கான முடிவிலாத் தொடர்களை மலையாள உரைநடையில் காரணங்காட்டி நிறுவுகிறது. கொச்சி அரச மரபினரான இராமவர்ம மரு தம்புரான், அகிலேசுவர ஐயருடன் இணைந்து அதன் கணிதப் பகுதியை விளக்கக் குறிப்புகளோடு 1948இல் பதிப்பித்தார். அந்நூலில் ஒரு கலைச்சொல் அறிமுகமாகும்போது அதனைப் பயன்படுத்தும் வழியும் உடன் வருகிறது. இன்றைய மாணவர் 'சைன்' என்று எழுதும் சொல்லே ஜீவா என்பது அரபில் ஒலிபெயர்க்கப்பட்டு, அங்கு வளைவு, மடிப்பு எனப் பொருள்படும் வேறொரு சொல்லாகப் படிக்கப்பட்டு, இலத்தீனில் 'சைனஸ்' என மொழிபெயர்க்கப்பட்டதன் விளைவு. பிழைபட்ட மொழிபெயர்ப்பு ஒன்று உலகெங்கும் கலைச்சொல்லாக நிலைபெற்றுள்ளது. கணிதம் அதனால் கெட்டுவிடவில்லை.

தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரமும் அளவைச் சொற்களை நிலம், நெல், பொன், பலாச்சுளை ஆகியவற்றைக் கணக்கிடும் வழிகளோடு சேர்த்தே கற்பித்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

சிறுசொற்கள்

பெயர்ச்சொற்களை மட்டுமே கலைச்சொல் எனக் கொள்வது பட்டியலின் மற்றொரு குறை. ஆங்கிலக் கணித வாக்கியத்தின் எலும்பு அதன் சிறுசொற்களில் உள்ளது. 'சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் எய்ட்' என்னும் தொடரில் ஐந்து முதலிலும் எட்டு பின்னும் வருகின்றன. தமிழில் எட்டிலிருந்து ஐந்தைக் கழிக்க என்போம். எண்கள் வந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு செல்லும் மாணவருக்கு விடை குறியெண்ணாகிவிடும். 'ஃப்ரம்' என்னும் முன்னிடைச்சொல் தமிழின் ஐந்தாம் வேற்றுமைக்கு இணையானது என்று ஒருமுறை கூறினால் தீரும் சிக்கல் இது. வேற்றுமையைப் பத்தாண்டு கற்பிக்கும் தமிழாசிரியர் அதனைக் கூறுவதில்லை. கணித ஆசிரியர் அது இலக்கணம் என்று விட்டுவிடுகிறார்.

'லெட்' என்பதற்கு அனுமதி, விடு என்னும் பொருள்களே பள்ளியில் பயிற்றப்படுகின்றன. கணிதத்தில் அது தமிழின் வியங்கோள். எக்ஸ் ஒரு மெய்யெண் என்க என்னும்போது வரும் 'என்க' அதற்கு மிகப் பொருத்தமானது. 'ரெஸ்பெக்டிவ்லி' என்பதற்கு 'முறையே' என்று தமிழில் செம்மையான சொல் உள்ளது. 'ஆர்' என்பதே இடர் தருவது. கணிதத்தின் 'ஆர்' இரண்டுள் ஒன்றையோ இரண்டையுமோ ஏற்கும். தமிழின் 'அல்லது', 'அல்' என்னும் மறுப்பிலிருந்து பிறந்ததாதலின் ஒன்றை ஏற்கும்போது மற்றதை விலக்கும் சாயலை உடையது. காப்பியோ தேநீரோ என்று கேட்டால் இரண்டும் வேண்டும் என்று விடை கூறுவோர் இலர். கணங்களின் சேர்ப்பைக் கற்கும் மாணவர் பொது உறுப்புகளை விட்டுவிடுவதற்கு இச்சாயலும் ஒரு காரணமாகலாம். பாடநூல்கள் 'இருந்தால், இருந்தால் மட்டுமே' என்று இரட்டித்து எழுதும் கவனத்தை 'அல்லது' என்பதற்கும் காட்டியிருக்கலாம்.

ஒரு மாதிரிப் பதிவு

மேற்கூறியவற்றின் அடிப்படையில் ஒரு சொற்பதிவு எவ்வாறு அமையலாம் என்பதற்கு 'வாலட்டைல்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இலத்தீனில் பறப்பது என்பது இதன் மூலப்பொருள். வேதியியலில், எளிதில் ஆவியாகிப் போவது. மிளகின் மணத்திற்குக் காரணம் அதிலுள்ள 'வாலட்டைல் ஆயில்'. காரத்திற்குக் காரணம் 1819இல் எர்ஸ்டெட் பிரித்தெடுத்த பைப்பரின், அது அவ்வாறு ஆவியாவதில்லை. நிதியியலில் இச்சொல் ஒரு விலை குறுகிய காலத்தில் மிகுதியாக ஏறியிறங்குவதைக் குறிக்கும். புள்ளியியலின் திட்டவிலக்கத்தைக்கொண்டு அதனை அளப்பர். மிளகின் விலை அவ்வகையில் 'வாலட்டைல்' ஆனது. மனிதரைப் பற்றிக் கூறுகையில், விரைவில் சினங்கொள்பவர். ஒரே மிளகுமணியை ஆய்வகத்தில் ஒருவர் ஒரு பொருளிலும் சந்தையில் மற்றொருவர் வேறு பொருளிலும் 'வாலட்டைல்' என்று கூறக்கூடும். இருவர் கூற்றும் மெய்யாகும்.

இப்பதிவு பத்து வரி நீள்கிறது. 10,000 சொற்களுக்கு இவ்வாறு எழுதுதல் இயலாது என்னும் மறுப்பு எழலாம். 10,000 சொற்கள் தேவையில்லை. ஒளிச்சேர்க்கை போன்றவற்றைப் பட்டியலுக்கே விட்டுவிட்டு, பொருள் மாறி மாணவரை ஏமாற்றும் எளிய சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்று துறைகளுக்கும் சேர்த்துச் சில நூறு பதிவுகளே அமையும். அவற்றை எழுத ஆங்கிலப் பேராசிரியரும் கணித, வணிகவியல் ஆசிரியர்களும் தமிழ்த் துறையினரும் ஒரே மேசையில் அமர வேண்டும். மிளகுத் தரம் பற்றிய பதிவுகளுக்கு மட்டாஞ்சேரிக் கிடங்கின் எழுத்தர் ஒருவரையும் அம்மேசைக்கு அழைக்க வேண்டும். தர விவரத்தில் வரும் 'லைட் பெரி' என்பதன் 'லைட்' நிறத்தைக் குறிக்கிறதா எடையைக் குறிக்கிறதா என்பதை அவர் மணியைக் கையில் எடுத்து நசுக்கிக் காட்டிவிடுவார்.